அடிபட்டால்தான் விசாரிப்போம்

அந்த நாற்காலியில் தாராளமாக உட்காருங்கள். அதை நான் தொடவில்லை. போன தடவை வந்தபோது நின்றபடியே எல்லாரையும் கேள்வி கேட்டீர்கள். ஒரு நாற்காலி போடத் தோன்றவில்லையே என்று எனக்கு அப்புறம் சங்கடமாக இருந்தது. இப்போது போடலாம் என்றால் என் கால் இந்த நிலையில் இருக்கிறது. டீ வரும். அதை யார் கொண்டுவருகிறார் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது சுலபமான கேஸ் என்று என் மனைவியிடம் போனில் சொன்னீர்களாம். இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை லேசில் வராது, அதற்கு நன்றி. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகத்தான் கதவைச் சாத்தச் சொன்னேன்.

ஒப்பந்தங்களைப் படிப்பது என் வேலை. கையெழுத்துப் போடுகிறவர்கள் புரட்டித் தள்ளிவிடும் பக்கங்களை ஒன்றுவிடாமல் படிக்க எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன். இந்த வேலையில் ஊறிப்போனதாலோ என்னவோ, ஒன்றை இன்னதென்று வரையறுக்காமல் விட்டுவைத்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். என் மைத்துனர் அப்படி வரையறுக்கப்படாமல் இந்த வீட்டில் இருந்தார்.

என் மனைவியின் அண்ணன். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்பிள்ளை என்பார். சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடை கையைவிட்டுப் போனதும், "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாப்பிள்ளை" என்று ஒரு பெட்டியோடு வந்து நின்றார். எங்கள் மகள் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். இப்போது அவள் வெளியூரில் கல்லூரி முடிக்கப்போகிறாள். மச்சானின் அந்த இரண்டு நாள் மட்டும் இன்னும் முடியவில்லை.

பெட்டியை அவர் பிரிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல். வந்த அன்றைக்கு அலமாரி மேல் ஏற்றிவைத்தார். அங்கேயே இருந்தது. பிரிக்காத பெட்டி வைத்திருப்பவர் என்றைக்காவது கிளம்புவார் என்று நான் அதை அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொள்வேன். ஒரு தடவை மனைவியிடம் நயமாகக் கேட்டும் பார்த்தேன். "உங்க அண்ணன் எப்பக் கிளம்பறார்?" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மார்க்கெட்டுக்கா?" என்றாள்.

அவர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். கெட்டவராக இருந்திருந்தால் ஒரு சண்டையில் முடிந்திருக்கும். இவர் குழாயைச் சரிசெய்தார், கதவுக்கு எண்ணெய் போட்டார், பூனைக்குச் சாப்பாடு வைத்தார். நான் வீடு திரும்பும்போது சமையலறையில் அண்ணனும் தங்கையும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். "மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று அவர் எழுந்து நிற்பார். ஓரம் உடையாத ஒரே தட்டு எனக்கு. முதல் கரண்டி எனக்கு. தண்ணீர் கேட்காமலே வரும். குடும்பத் தலைவருக்கு உரிய மரியாதை என்று அதை நானும் வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டு நான் அறைக்குப் போனதும் அவர்கள் அடுப்பு மேடையில் சாய்ந்தபடி பாத்திரத்திலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார்கள். மறுபடியும் அந்தச் சிரிப்பு கேட்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் உங்கள் கம்பெனி ஏஜெண்ட் பாலிசி விற்க வந்தார். வீடு என் மாமனார் என் மனைவிக்கு எழுதிவைத்தது. அதனால் பாலிசியும் அவள் பெயரில்தான் எடுக்க வேண்டும் என்றார். எடுத்துக்கொள்ளட்டும், படிக்கப்போவது நான்தானே. ஏஜெண்ட் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வருகிறவர் யாராவது, நண்பரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பார்சல் கொண்டுவருகிறவரோ, கேட்டுக்குள் வந்து அடிபட்டால் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் விழும். ஆபத்து இருப்பது தெரிந்தும் வீட்டுக்காரர் வந்தவரிடம் சொல்லவில்லை என்றால் பொறுப்பு இன்னும் கனம். அந்தச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். ஆனால் வீட்டு ஆட்களுக்கு இது செல்லாது. வீட்டில் எது ஆடும், எது வழுக்கும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

நான் காற்றுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன். "ஒருத்தர் கொஞ்ச நாளா தங்கியிருக்கார்னு வைங்க. அவர் விருந்தாளியா, வீட்டு ஆளா?"

"அதை முன்கூட்டியே சொல்ல முடியாது சார்" என்றார் ஏஜெண்ட். "அடிபட்டாத்தான் விசாரிப்போம். விசாரிச்சு, இவர் விருந்தாளி, இவர் வீட்டு ஆளுன்னு கம்பெனியே முடிவு பண்ணிடும்."

அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம். இத்தனை வருஷமாக என் மனைவியிடமும் மச்சானிடமும் என்னால் கேட்டு வாங்க முடியாத ஒரு பதிலை, சம்பந்தமே இல்லாத ஒரு மூன்றாவது மனிதர் விசாரித்துச் சொல்லிவிடுவார். விருந்தாளி என்று ஒருவரைப் பற்றி அதிகாரபூர்வமாகச் சொல்லிவிட்டால், பிறகு விருந்தாளிக்குக் கிளம்பும் நாள் என்று ஒன்று இருக்கிறதே என்று பேச்சை எடுக்கலாம். யார் மனமும் புண்படாது. குறுக்கே இருந்தது ஒன்றுதான். அடிபட வேண்டும்.

நிதானமாக யோசித்தேன். வாசல் மிதியடி சரிப்படாது, தபால்காரர் வழுக்கிவிடுவார், அவருக்கும் எனக்கும் ஒரு விரோதமும் இல்லை. குளியலறைத் தரையில் என் மனைவி நடக்கிறாள். மொட்டைமாடிக்குப் போகும் பின்பக்க இரும்புப் படிக்கட்டு ஒன்றுதான் மச்சானுக்கென்றே இருந்தது. தினமும் காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அவர் மட்டும் ஏறுவார், துணி காயப்போடுவதும் அவரே. நான் அதில் ஏறியதே இல்லை. மேல்பகுதி வேண்டாம் என்று தள்ளினேன்; உயரம் அதிகம், இடுப்புக்கு வம்பு. கீழே, நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு படி போதும். கணுக்கால். அவர் வயதில் கணுக்கால் எலும்பு சேர்ந்துவிடும் என்று டாக்டர் நண்பரிடம் வேறு ஏதோ பேசுகிற சாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் அந்தப் படியின் ஒரு பக்கத்து நட்டுகளைக் கழற்றி, போல்ட்டுகளை மட்டும் துளையில் பார்வைக்கு விட்டுவைத்தேன். கீழே பழைய சாக்குகளை மடித்துப் போட்டேன். நான் மிருகம் இல்லை. போட்டுவிட்டு நின்று பார்த்தபோது, இவ்வளவு மெத்தென்று இருந்தால் அடியே படாதே என்று தோன்றியது. அடிபடாவிட்டால் விசாரணை இல்லை. பாதிச் சாக்குகளை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் வாளியோடு பின்கதவைத் திறந்தார். நான் ஜன்னல் பக்கம் நின்று ஷேவ் செய்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சொல்லியிருந்தால் எச்சரித்ததாக ஆகிவிடும்; எச்சரித்த பிறகு ஏறினால் அவர் பொறுப்பு என்று உங்கள் கம்பெனி கையை விரித்துவிடும். சட்டம் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. பேசாமல் தாடையைச் சிரைத்துக்கொண்டேன்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான் சத்தம் கேட்டது. நான் முகத்தில் நுரையோடு ஓடினேன். மச்சான் சாக்கு இல்லாத பக்கமாக விழுந்து கிடந்தார். கால் பார்க்கச் சகிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "மாப்பிள்ளை, அந்தப் பக்கமா வராதீங்க. படி லூசா இருக்கு" என்றார்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டிய எச்சரிக்கையை அவர் செய்தார் என்பதை நான் அப்போதே கவனித்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு மனசு என்னவோ செய்தது. பிறகு ஆட்டோ கூப்பிட வேண்டியிருந்ததால் சரியாகிவிட்டது.

மாவுக்கட்டுப் போட்டு அவரைக் கூடத்தில் படுக்கவைத்தோம். தொங்கிக்கொண்டிருந்த படியில் நானே ஒரு சிவப்புத் துணி கட்டினேன்; நீங்கள் வந்து பார்க்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன். மச்சானிடம் விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். கம்பெனி ஆள் வருவார், ஆஸ்பத்திரிச் செலவை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள், நீங்கள் விருந்தாளி என்று மட்டும் சொன்னால் போதும். அவருக்கு ஒரே சந்தோஷம். "உங்களுக்குச் செலவு மிச்சம்னா விருந்தாளின்னே சொல்லிடறேன் மாப்பிள்ளை, என்ன இப்போ" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். "ரெண்டு நாளைக்கு வந்தேன் சார்" என்றார் மச்சான். பொய் இல்லை, மனசாரச் சொன்னார். நான் உடனே அலமாரி மேலிருந்த பெட்டியைக் காட்டினேன். பிரிக்கவே இல்லை பாருங்கள் என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனீர்கள். வினை அங்கேதான் காத்திருந்தது.

குழாய் திறக்கவில்லை. நீங்கள் இரண்டு தடவை திருகுவதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்துவிட்டது. "இடது பக்கம் திருகி லேசா மேல தூக்குங்க சார். வாஷர் தேஞ்சுபோச்சு, மாத்தணும்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "துண்டு கதவுக்குப் பின்னாடி. நீலத்தை எடுங்க, பச்சை பூனையோடது." நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "வெளிச்சம் பத்தலையா மாப்பிள்ளை? ரெண்டாவது சுவிட்சை அமுக்கிட்டு ஒரு தட்டு தட்டணும்" என்றார்.

நீங்கள் சிரிக்கவில்லை, அதற்கும் நன்றி. புதிய வாஷர் இருக்கிறதா என்று ரொம்ப சாதாரணமாகக் கேட்டீர்கள். "பெட்டியில இருக்கு சார்" என்றார் அவர். நீங்கள் ஸ்டூல் போட்டு ஏறி நான் இத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்த பெட்டியை இறக்கினீர்கள். உள்ளே ஒரு சட்டைகூட இல்லை. எங்கள் வீட்டுக் குழாய்களின் பழைய பாகங்கள், ஃபியூஸ் கம்பி, என் மகள் சின்ன வயதில் உடைத்த அழைப்புமணி, மூடி தொலைந்த குக்கரின் கைப்பிடி. அந்தக் கைப்பிடியைப் பார்த்ததும் நான் வழக்கில் தோற்றுவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்புகிற ஒருவர் அடுத்தவர் வீட்டுக் குக்கர் கைப்பிடியைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற மாட்டார்.

ஒப்புக்காகத்தான் அப்புறம் என் பக்கம் திரும்பினீர்கள் என்று நினைக்கிறேன். மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டீர்கள். நான் சுவரைப் பார்த்தேன். தொட்டி வால்வு எந்தப் பக்கம் என்றீர்கள். பூனைக்கு என்ன பெயர் என்றீர்கள். பூனை என்றுதான் கூப்பிடுகிறோம் என்றேன்; மச்சான் படுத்தபடியே உதட்டை மட்டும் அசைத்து எனக்குப் பதில் எடுத்துக்கொடுக்கப் பார்த்தார், பாவம். கடைசியில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னீர்கள். நான் ஒவ்வொரு சுவிட்சாக அமுக்கிப் பார்த்தேன். வாசல் விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது, விசிறி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

இவர் விருந்தாளி இல்லை, வீட்டு ஆள், பாலிசி செல்லாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மச்சான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வாய் சும்மா இருக்கவில்லை மாப்பிள்ளை என்று வருத்தப்பட்டார். எனக்கு வயிறு எரிந்தது, ஆனால் ஒப்பந்தத்தை மதிக்கிறவன் நான். வீட்டு ஆட்களுக்கு எச்சரிக்கை தேவையில்லை என்பதுதானே விதி. அப்படியானால் அந்தப் படியில் சிவப்புத் துணிக்கும் வேலை இல்லை. போய் அவிழ்த்துவிட்டேன். தொங்கின படியை எல்லாரும் பார்க்கும்படி விட்டுவைப்பது அசிங்கம் என்று போல்ட்டுகளைத் துளையில் பொருத்தி, பார்வைக்குச் சரியாகவும் வைத்தேன். நட்டுகளை மாட்ட மச்சான் எழுந்து நடமாடட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த வேலையெல்லாம் அவருடையது.

அவர் படுத்துவிட்டதால் தொட்டி நிரம்பி வழிந்தபோது நான் ஏற வேண்டியதாயிற்று. ஏறும்போது அந்தப் படியை ஜாக்கிரதையாகத் தாண்டினேன். மேலே எந்த வால்வைத் திருகுவது என்று தெரியவில்லை. மச்சான் கூடத்திலிருந்து கத்தினார், அதை மனைவி கொல்லையிலிருந்து திருப்பிக் கத்தினாள், நான் ஒன்றைத் திருகினேன், தண்ணீர் என் மேல் பாய்ந்தது. பக்கத்து மாடியிலிருந்த பெண்மணி எனக்கு வழி சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்கிறது எங்கள் வால்வு. முழுக்க நனைந்து, ஊர் சிரித்துவிட்டதே என்ற ஆத்திரத்தோடு விறுவிறுவென்று இறங்கினேன். படி என் நினைவிலேயே இல்லை. இது வேண்டுமென்று செய்ததல்ல, இதை மட்டும் நம்புங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இந்தக் கட்டிலில் படுத்திருக்கும்போதுதான் என் மனைவி உங்களோடு போனில் பேசியது காதில் விழுந்தது. அவள் யாரையும் ஏமாற்றவில்லை. "வீட்டுல எது எங்க இருக்குன்னு அவருக்கு ஒண்ணும் தெரியாது சார். காலைல போவார், ராத்திரி வருவார். விருந்தாளி மாதிரிதான், பாவம்" என்றாள். பக்கத்திலிருந்து மச்சான், "மாப்பிள்ளை எப்பவும் நமக்கு விருந்தாளிதானேம்மா, சொல்லு சொல்லு" என்றார். வாடகை கட்டுவதாகக் காட்டி என் அலுவலகத்தில் வாடகைப்படி வாங்குவதற்காக, ஒரு நண்பரின் அறையை என் விலாசமாகக் கொடுத்துவைத்திருக்கிறேன். அந்தக் காகிதமும் உங்கள் கைக்கு வந்துவிட்டதாம். மச்சானுக்கோ எல்லாக் காகிதமும் இந்த வீட்டு விலாசத்தில். சுலபமான கேஸ் என்று நீங்கள் சொன்னதில் தவறே இல்லை.

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவள் பாவம் என்றாள். ஓரம் உடையாத தட்டு ஏன் எனக்கு வந்தது, நான் நுழைந்தால் ஏன் சிரிப்பு நின்றது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டேன். ரொம்ப வேதனையாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். என் க்ளெய்மைத் தள்ளிவிடுங்கள். உங்கள் பணம் எனக்கு வேண்டாம். இவர் விருந்தாளி இல்லை, இந்த வீட்டு ஆள், பாலிசி செல்லாது என்று மச்சானுக்குச் சொன்னீர்களே, அதே வார்த்தையை எனக்கும் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் நல்லது, கூடம் வரைக்கும் கேட்கட்டும்.

ஆதாரம் இல்லாமல் கேட்கவில்லை. அந்தப் படியைக் கழற்றியது நான் என்று ஒப்புக்கொள்கிறேன். குற்றம் என்று தெரிந்தே சொல்கிறேன்; போலீசுக்குப் போவதென்றாலும் போங்கள். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். எந்த விருந்தாளியாவது வந்த இடத்தில் படியைக் கழற்றுவானா? எந்தப் படியில் யார் எப்போது கால் வைப்பார் என்று வெளி ஆளுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கான ஸ்பேனர் இந்த வீட்டில் எங்கே இருக்கும் என்று ஒரு விருந்தாளிக்கு எப்படித் தெரியும்?

எங்கே இருக்கிறதா?

இதோ டீ வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள். மச்சான், அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு எதற்கு இதையெல்லாம் தூக்கிவருகிறீர்கள், வைத்துவிட்டுப் போய் உட்காருங்கள். கதவு சாத்தியே இருக்கட்டும்.

ஸ்பேனர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அவரிடம்தான் கேட்டேன். எந்த சைஸ் மாப்பிள்ளை என்று கேட்டு, சரியானதாகத் தேடி, துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார். வீட்டு வேலையில் நான் கை வைக்கப்போகிறேன் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.